வீடு மாத்தி மூணு நாளாச்சு, நத்தைங்க கண்ணாடியில ஏறவே மாட்டேங்குது (பெங்களூர், உப்புத்தண்ணி டேங்க்)

உப்புக்கல்:

வணக்கம். சனிக்கிழமை அல்சூர்ல இருந்து வைட்ஃபீல்டுக்கு வீடு மாத்தினோம். டேங்க் 3 அடி. பாறை, மணல் போக 150 லிட்டர் தண்ணி நிக்கும். 90 லிட்டர் பழைய தண்ணியைக் கேன்ல புடிச்சு எடுத்துட்டு வந்தாச்சு. மீதி 60 லிட்டர் புது வீட்டுல 1.8 கிலோ உப்புப் போட்டுக் கலக்கினது. பாறைங்க பழைய தண்ணியில முங்கினபடியே வந்துச்சு. மணலைப் பக்கெட்டுல அள்ளி, இங்க வந்து அப்படியே கொட்டியாச்சு.

நத்தைக் கணக்கு: ட்ரோக்கஸ் 8, அஸ்ட்ரேயா 4, செரித் 6, நசாரியஸ் 5. கூட ஹெர்மிட் நண்டு 3, க்ளவுன் மீன் 2. மீன் ரெண்டும் நல்லா சாப்பிடுது.

இன்னைக்கு நிலவரம்: ட்ரோக்கஸ் 5 மணல்ல கிடக்கு, அதுல ரெண்டுக்குப் பாதம் வெளிய தொங்குது. அஸ்ட்ரேயா 2 மல்லாந்து கிடந்துச்சு, நிமித்தி வெச்சேன். நசாரியஸ் தீனி போட்டும் மணலை விட்டு வெளிய வரல. ஞாயித்துக்கிழமை காலைல தண்ணி பால் மாதிரி இருந்துச்சு, இப்போ பரவாயில்ல.

டெஸ்ட்: வெப்பம் 27.5, உப்பு (அடர்த்தி எண்) 1.023 (பழைய வீட்டுல 1.025), அம்மோனியா 0.25, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பிஎச் 8.0, ஆல்க் (காரத்தன்மை) 8.

இது ஷிஃப்டிங் ஸ்ட்ரெஸ் தானா? ரெண்டு நாள்ல தானா சரியாயிடுமா? இதுக்கு மருந்து ஏதாவது ஊத்தலாமா?


பாறைமீன்:

மருந்து எதையும் ஊத்தாதீங்க. நத்தை ஸ்ட்ரெஸ்ஸுக்குன்னு ஒரு மருந்து கிடையாது. விக்கிற பாட்டில்ல பாதி மீனுக்கானது, அதுலயும் சிலதுல தாமிரம் இருக்கும்.

முதல்ல எது உயிரோட இருக்குன்னு பிரிங்க. ஒண்ணைக் கையில எடுத்து வாய்ப்பக்கம் பாருங்க. மூடி உள்ள இழுத்து இறுக்கமா அடைச்சிருந்தா அது சும்மா கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கு, பயமில்ல. மூடி பாதி திறந்து, பாதம் வெளுத்துத் தொங்கினா, பல்குத்துற குச்சி முனையால பாதத்து ஓரத்தை லேசாத் தொடுங்க. மெதுவாவாவது உள்ள சுருங்கினா உயிர் இருக்கு. அசையவே இல்லைன்னா மோந்து பாருங்க. செத்த நத்தை நாத்தத்துல சந்தேகமே வராது, வாடை ஒரு முழம் தூரத்துலயே அடிக்கும். மோந்தும் முடிவு தெரியலைன்னா, டேங்க் தண்ணி ஊத்தின டம்ளர்ல தனியா வெச்சு மூணு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. டம்ளர் தண்ணி கலங்கி நுரை கட்டினா முடிஞ்சது.

செத்ததை உடனே வெளிய எடுக்கணும். கோலிக்குண்டு சைஸ் ட்ரோக்கஸ் ஒண்ணு ரெண்டு உள்ளேயே அழுகினா உங்க 0.25 அம்மோனியா 0.5 ஆயிடும், அப்புறம் மத்ததும் விழும்.

உயிரோட இருக்கிறதை மணல்ல மல்லாத்தி விடாதீங்க. அஸ்ட்ரேயாவுக்குத் தானாப் புரண்டு நிமிரத் தெரியாது, கவிழ்ந்தா அப்படியே பட்டினியில செத்துடும், இல்ல நண்டு தின்னுடும். ட்ரோக்கஸ் புரளும், ஆனா தெம்பு இருந்தாத்தான். பவர்ஹெட் (தண்ணியைத் தள்ளுற மோட்டார்) ஓட்டம் நேரா அடிக்காத பாறைப் பள்ளமாப் பார்த்து, பாதம் பாறையில படற மாதிரி வெச்சு அரை நிமிஷம் விரலால புடிங்க. ஒட்டிக்கிச்சுன்னா பாதி கவலை தீர்ந்துச்சு. காலைல ஒரு தடவை, விளக்கு அணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் பாருங்க.

செரித், நசாரியஸ் ரெண்டும் பகல்ல மணலுக்குள்ள கிடக்கிறது வழக்கம்தான். இடம் மாறினா ஒரு வாரம்கூட வெளிய வராது. அதைத் தோண்டிப் பார்க்காதீங்க.


ஜீரோ_டிடிஎஸ்:

எல்லாரும் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ்ங்கிறாங்க. மூணு நாள் ஆகியும் அஞ்சு ட்ரோக்கஸ் ஒண்ணாக் கீழ விழுந்து கிடந்தா அது வண்டியில குலுங்கின அலுப்பு இல்ல, தண்ணியில என்னவோ இருக்கு. மீன் நல்லாச் சாப்பிடுது, நத்தை மட்டும் விழுதுங்கிறதும் அதைத்தான் சொல்லுது.

ஒரே கேள்வி: அந்த 60 லிட்டர் எங்கிருந்து புடிச்சீங்க?


உப்புக்கல்:

கிச்சன்ல ஓனர் மாட்டி வெச்சிருக்கிற ஆர்ஓ பியூரிஃபையர்ல இருந்து. நம்ம பழைய ஆர்ஓ டிஐ செட்டை (தண்ணியில கரைஞ்சதை எல்லாம் எடுக்கிற வடிகட்டி) இன்னும் மாட்டல. மீட்டர்ல 70 டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிறதோட அளவு) காட்டுச்சு, குடிக்கிற தண்ணிதானேன்னு விட்டுட்டேன். இப்போ போய்ப் பார்த்தேன், முன்பக்கம் ஸ்டிக்கர்ல காப்பர்னு போட்டிருக்கு.


ஜீரோ_டிடிஎஸ்:

அதேதான். இப்போ வர்ற வீட்டு பியூரிஃபையர்ல நிறைய மாடல்ல கடைசியா ஒரு தாமிரக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். செம்புக் குடத்துத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு நம்ம ஊர் நம்பிக்கை, கம்பெனிங்க அதை அப்படியே மெஷினுக்குள்ள வெச்சுட்டாங்க. மனுஷனுக்கு நல்லதோ என்னவோ, நத்தைக்கு அது விஷம்.

அளவு புரியுறதுக்கு ஒரு கணக்கு. ஐஎஸ் 10500 குடிநீர்த் தரத்துல தாமிரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை ஏத்துக்கலாம், வேற தண்ணி இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் அனுமதி. உங்க 60 லிட்டர்ல 0.5 இருந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. அது 150 லிட்டர்ல கலந்தா 0.2. மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தா தனி டேங்க்ல வெச்சு வைத்தியம் பண்றப்போ ஊத்துற தாமிர அளவே 0.15, 0.2 தான். அந்த டேங்க்ல நத்தை, இறால் எதையும் விடக்கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருப்பான். உங்க வீட்டு அளவு எவ்வளவோ எனக்குத் தெரியாது, இதைவிடக் குறைவா இருந்தாலும் நத்தை தாங்காது.

கடையில விக்கிற தாமிர டெஸ்ட் கிட்டை நம்பி உட்காராதீங்க. நத்தையைச் சாய்க்கிற அளவு அதோட கலர் அட்டையில முதல் கட்டத்துக்கும் கீழ. ஜீரோ காட்டினா தாமிரம் இல்லைன்னு அர்த்தமில்ல, கிட்டுக்குத் தெரியலைன்னு அர்த்தம்.

செய்ய வேண்டியது: பியூரிஃபையர் மூடியைக் கழட்டினா மெம்பிரேன் குழாயில இருந்து கால் இஞ்சு வெள்ளை ட்யூப் ரெண்டு வரும். ஒண்ணு கழிவு, சிங்க்குக்குப் போறது. இன்னொண்ணு நல்ல தண்ணி, அது அடுத்த கார்ட்ரிட்ஜுக்குப் போகும். அந்த நல்ல தண்ணி ட்யூப்பை அங்கேயே கழட்டி நேரா உங்க டிஐ ரெசின் குழாய்க்குக் கொடுங்க, அங்கிருந்து கேனுக்கு. டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு குட்டி திருகு இருந்தா அதையும் மூடிடணும், இல்லைன்னா அது கச்சாத் தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடும். வைட்ஃபீல்டு பக்கம் டேங்கர், போர் தண்ணி கலந்து வர்றதால மெம்பிரேன்ல இருந்து 30, 40 டிடிஎஸ் வந்தா ஆச்சரியப்படாதீங்க. டிஐ தாண்டி 0 வரணும். வீட்டு மெம்பிரேன் மணிக்குப் பத்துப் பன்னெண்டு லிட்டர்தான் தரும், தண்ணி மாத்த 45 லிட்டர் வேணும், அதுக்கு நாலு மணி நேரம் ஒதுக்குங்க.

வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழட்டுங்க.


அலையாத்தி:

டேங்க்ல ஏற்கெனவே கலந்த தாமிரத்தை எடுக்க கார்பன் மட்டும் போதாதே ப்ரோ? பாலிஃபில்டர் போடச் சொல்லுங்க.


ஜீரோ_டிடிஎஸ்:

ஆமா, விட்டுட்டேன். கார்பன் கொஞ்சம்தான் புடிக்கும். பாலிஃபில்டர், இல்லைன்னா க்யூப்ரிசார்ப் மாதிரி தாமிரத்தையே புடிக்கிற மீடியா வேணும். பாலிஃபில்டர் அட்டையைத் தண்ணி நல்லா ஊடுருவிப் போற இடத்துல வைங்க, ஓரமாச் சாத்தி வெச்சா வேலைக்கு ஆகாது. ஒரு நாள், ரெண்டு நாள்ல நீலம் பாரிச்சா தாமிரம் இருந்துச்சுங்கிறதுக்கு அதுவே சாட்சி, கிட்டை விட நம்பலாம். பழுப்பானா அது வெறும் அழுக்கு.

பாறையும் மணலும் சுண்ணாம்பு. கொஞ்சம் தாமிரத்தைத் தனக்குள்ள இழுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் மெதுவா விடும். அதனால ஒரு தடவை நீலமாயிடுச்சு, வேலை முடிஞ்சதுன்னு எடுத்துடாதீங்க. புது அட்டை போட்டு அது வெள்ளையாவே இருக்கிற வரைக்கும் ஓடணும்.


கல்உப்பு_இல்லை:

உப்புக் கணக்கையும் யாராவது பாருங்க. 60 லிட்டருக்கு 1.8 கிலோன்னா லிட்டருக்கு 30 கிராம். பாக்கெட் உப்புல ஈரமும் சேர்ந்தே எடை நிக்கும், 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) வர லிட்டருக்கு 38 கிராம் பக்கம் போடணும். உங்களுக்கு 28 பிபிடி சுத்தித்தான் வந்திருக்கும். பழைய 33 பிபிடி தண்ணி 90 லிட்டரோட கலந்தா 31. உப்பு அளக்கிற ரீஃப்ராக்டோமீட்டர் 1.023 காட்டினது சரியாப் பொருந்துது.

2 பிபிடி பெருசான்னு கேட்டா, மீனுக்கு ஒண்ணுமில்ல. மீன் தன் ரத்தத்து உப்பைத் தானே கட்டுப்படுத்தும். நத்தைக்கு அந்த வசதி இல்ல, வெளித்தண்ணி எவ்வளவு உப்போ உடம்புக்குள்ளயும் அவ்வளவுதான். வெளிய சட்டுனு குறைஞ்சா தண்ணி உள்ள ஏறி சதை ஊதும், பாதம் பிடிமானம் இழக்கும். உங்க நத்தைக்குத் தாமிரம், உப்புக் குறைவுன்னு ரெண்டு அடி ஒரே நாள்ல விழுந்திருக்கு.

ஏத்துறதையும் ஒரே மூச்சுல பண்ணக்கூடாது. தண்ணி மாத்தத்தானே போறீங்க, அதுலயே ஏத்திடலாம். 45 லிட்டர் ஜீரோ டிடிஎஸ் தண்ணிக்கு 1.7 கிலோ உப்பு, 1.026 வரணும். உள்ள ஒரு பவர்ஹெட், ஏர்ஸ்டோன் (காத்துக் குமிழ் விடுற கல்) போட்டு ராத்திரி முழுக்க ஓடட்டும், வெப்பம் டேங்க் அளவுக்கே இருக்கணும். டேங்க்ல இருந்து 45 எடுத்துட்டு இதை ஒரு மணி நேரத்துல மெதுவா விட்டா 1.024 கிட்ட வரும். ரெண்டு நாள் விட்டு இன்னொரு 45, அப்போ 1.0245. மிச்சத்துக்கு, ஆவியாகுற தண்ணிக்குப் பதிலா நாலஞ்சு நாள் நல்ல தண்ணி ஊத்தாம உப்புத்தண்ணியே ஊத்துங்க. 1.025 வந்ததும் மறக்காம நல்ல தண்ணிக்கு மாறிடணும், அசந்துட்டா உப்பு மேல ஏறிக்கிட்டே போகும்.

ரீஃப்ராக்டோமீட்டரையும் ஒரு தடவை சோதிங்க. வண்டியில வந்தது, திருகு நகர்ந்திருக்கலாம். சும்மா ஆர்ஓ தண்ணி விட்டு ஜீரோ பார்க்கிறது பத்தாது, 35-ல சரியா காட்டுதான்னு பார்க்கணும். அதுக்கான சோதனைத் திரவம் கையில இல்லைன்னா, நல்ல தராசு இருந்தா வீட்டுலயே செய்யலாம்: 963.5 கிராம் டிஐ தண்ணியில 36.5 கிராம் காஞ்ச சாப்பாட்டு உப்பு. இது கண்ணாடியில கடல்தண்ணியோட 35 மாதிரியே விழும். மழை நாள்ல டப்பாவுல ஈரம் இழுத்த உப்பு வேண்டாம்.


பாறைமீன்:

தாமிரம்னு தெரிஞ்சப்புறம் நான் மேல சொன்னதை மாத்திக்கிறேன். நத்தைங்களை டேங்க்லயே விட வேண்டாம். 15, 20 லிட்டர் பக்கெட்டுல புதுசா உப்புக் கலந்த ஜீரோ தண்ணி, ஏர்ஸ்டோன், வெப்பம் டேங்க் அளவுக்கே. அதுக்கு மாத்துங்க.


கல்உப்பு_இல்லை:

இப்போதான் ஒரு இடம் மாறி வந்திருக்கு, மறுபடியுமா? பாதி உயிரா இருக்கிறது அதுலயே போயிடும்.


பாறைமீன்:

மாத்துறது கஷ்டம்தான், ஆனா விஷத்துல ஊறுறதை விடக் குறைச்சல். நம்ம வழக்கமா மூணு மணி நேரம் சொட்டுச் சொட்டா விடுறது உப்பு வித்தியாசத்துக்காகத்தான். அந்த வித்தியாசத்தையே இல்லாமப் பண்ணிடுங்க: பக்கெட் தண்ணியை 1.023-லயே கலக்குங்க, டேங்க்ல இப்போ இருக்கிற அளவு. வெப்பமும் ஒண்ணா இருந்தா நேரா மாத்திடலாம், சொட்டு வைக்கவே வேண்டாம். பக்கெட்டை தினம் கால்வாசி மாத்திக்கிட்டே உப்பை டேங்க்கோட சேர்த்து ஏத்திக்கலாம்.

மணலுக்குள்ள புதைஞ்சிருக்கிற செரித்தையும் நசாரியஸையும் தோண்ட வேண்டாம்னேன், அது இப்பவும் அப்படியேதான். தோண்டினா மணல்ல இருக்கிறது எல்லாம் மேல வரும். ராத்திரி விளக்கு அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிங்க, வெளிய வந்ததை மட்டும் எடுங்க.

எடுக்கும்போது கண்ணாடியில ஒட்டினதை மேல் நோக்கிப் பிடுங்காதீங்க, பாதம் கிழியும். பக்கவாட்டுல மெல்லத் தள்ளினா விடும். தண்ணிக்கு வெளிய ரொம்ப நேரம் கவுத்துப் புடிச்சா ஓட்டுக்குள்ள காத்துப் புகுந்துக்கும், திரும்ப விட்டா மிதக்கும். அப்படி மிதந்தா தண்ணிக்குள்ள வாயை மேல் பார்த்துப் புடிச்சு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க, குமிழ் வெளிய வந்துடும்.


மணல்மேடு:

அந்த மணல் விஷயத்தை யாரும் பேசல. ஓடுற டேங்க்கோட மணலை அலசாம அள்ளிக் கொட்டக்கூடாது. கீழ் அடுக்குல பல மாசத்துக் கழிவு, ஆக்சிஜன் இல்லாத கறுப்புப் பகுதி எல்லாம் அடங்கியிருக்கும். கலைச்சா அம்மோனியா வரும், சில சமயம் அழுகின முட்டை வாடையோட ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். உங்க 0.25-க்கும், ஞாயித்துக்கிழமை பாலுக்கும் அதுதான் காரணம்னு நினைக்கிறேன். பாக்டீரியா பெருகினா தண்ணி டேங்க் முழுக்க ஒரே சீராப் பாலா இருக்கும், ஒரு நாள், ரெண்டு நாள் நிக்கும். நத்தை ஸ்ட்ரெஸ்ல முட்டை, விந்து விட்டாலும் பால் மாதிரி ஆகும், ஆனா அது பாறை உச்சியில நிக்கிற ஒரு நத்தையில இருந்து ஊதுபத்திப் புகை மாதிரிக் கிளம்பும், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாப் பிரிக்கிற கருவி) ஓடினா சில மணி நேரத்துல தெளிஞ்சிடும். ரெண்டாவதுன்னா பயப்பட ஒண்ணுமில்ல.

இப்போ மணலைத் திரும்ப அள்ளாதீங்க. சைஃபன் வெச்சு தண்ணி மாத்தும்போது மேல் ஒரு சென்டிமீட்டர் அழுக்கை மட்டும் உறிஞ்சுங்க, முன்பக்கத்துல ஒரு மூணுல ஒரு பங்கு இடம், அடுத்த தடவை அடுத்த பங்கு. அம்மோனியாவுக்கு ப்ரைம்ங்கிற தண்ணி பதப்படுத்துற திரவம் 150 லிட்டருக்கு 4 மில்லி, தேவைப்பட்டா மறுநாள் இன்னொரு தடவை. மீன் தீனியைப் பாதியாக் குறைங்க.

காத்து முக்கியம். நம்ம ஊர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் உசரத்துல இருக்கு, தண்ணியில கரையுற ஆக்சிஜன் சென்னையை விட ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு குறைவு. பாக்டீரியா பெருகுற நேரத்துல அது உறைக்கும். பவர்ஹெட் ஒண்ணை மேல் மட்டத்தைக் கலக்குற மாதிரித் திருப்புங்க. நத்தை மொத்தமும் தண்ணி விளிம்புல போய்க் கூட்டமா நின்னா பெரும்பாலும் ஆக்சிஜன் குறை.

அந்த ஹெர்மிட் மூணையும் ஒரு ப்ரீடர் பாக்ஸ்ல (டேங்க்குள்ள மாட்டுற குட்டிப் பெட்டி) பூட்டி வைங்க. தெம்பில்லாத ட்ரோக்கஸ் அதுங்களுக்குச் சாப்பாடும் ஆச்சு, புது வீடும் ஆச்சு. நீங்க வாடகைக்கு வந்த மாதிரியே.


அலையாத்தி:

இன்னொண்ணு. காலி வீட்டுக்குக் குடி போறப்போ கரப்பான் மருந்து அடிச்சுத் தருவாங்களே, அடிச்சாங்களா? மூலைக்கு மூலை வெக்கிற ஜெல்னா பிரச்சனை இல்ல. ஸ்ப்ரேன்னா ஏர்பம்ப் அந்தக் காத்தை இழுத்து நேரா தண்ணிக்குள்ள விடும். இறாலும் நண்டும் முதல்ல சாயும். பால் காய்ச்சுறப்போ சாம்பிராணி, ஹோமப் புகை, கொசு லிக்விட் எல்லாத்துக்கும் இதே கதைதான். ஏர்பம்ப்பை ஜன்னல் ஓரமோ பால்கனியிலயோ வெச்சு ட்யூப்பை மட்டும் உள்ள கொண்டு வாங்க.


உப்புக்கல்:

ஸ்ப்ரே இல்ல, ஜெல்தான். ஹெர்மிட் மூணும் நல்லாத் துள்ளிக்கிட்டு இருக்கு. பக்கெட் ரெடி பண்றேன். பக்கெட்டுல என்ன தீனி?


பாறைமீன்:

முதல் நாள் ஒண்ணும் வேண்டாம். பாதம் ஒட்டி நகர ஆரம்பிச்சதும் நோரி (காஞ்ச கடல்பாசித் தாள்), உப்பும் எண்ணெயும் போடாதது. தீப்பெட்டி சைஸ் துண்டைக் கூழாங்கல்லுல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ராத்திரி வைங்க, காலைல மிச்சத்தை எடுத்துடுங்க. ஊறிப்போன நோரி பக்கெட்டைக் கெடுக்கிற வேகம் ஜாஸ்தி. நசாரியஸுக்கு இது ஆகாது, அதுக்கு உப்பு போடாத இறால் துண்டு, பட்டாணி அளவு போதும்.

டேங்க்குக்குத் திரும்பினப்புறமும் மூணு நாலு வாரம் நோரி தொடரட்டும். ஷிஃப்டிங்ல கண்ணாடியைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கியிருப்பீங்க, பாறையில படிஞ்ச பாசியும் போயிருக்கும். நத்தை பொழைச்சு எழுந்தப்புறம் மாசக் கடைசியில சாகுறது பாதி பட்டினியாலதான், தண்ணியால இல்ல. பின்கண்ணாடியைத் தேய்க்காம விடுங்க.


உப்புக்கல்:

6 நாள் கழிச்சு. ட்ரோக்கஸ் 2, அஸ்ட்ரேயா 1 போயிடுச்சு, மூணும் முதல் ராத்திரியே. மீதி ட்ரோக்கஸ் 6-ம் பக்கெட் சுவர்ல ஏறிடுச்சு, நோரி தின்னுது. ராத்திரி டார்ச்ல செரித் 4, நசாரியஸ் 3 கிடைச்சுச்சு. பாலிஃபில்டர் ரெண்டாம் நாளே ஓரமெல்லாம் நீலம். தண்ணி ரெண்டு தடவை மாத்தியாச்சு. டேங்க் 1.0245, அம்மோனியா 0. எப்போ திரும்ப விடலாம்?


ஜீரோ_டிடிஎஸ்:

ரெண்டாவது பாலிஃபில்டர் ஒரு வாரம் வெள்ளையா நிக்கட்டும். அப்புறம் ஒரே ஒரு ட்ரோக்கஸ், அதுவும் ப்ரீடர் பாக்ஸுக்குள்ள, 48 மணி நேரம். கண்ணாடியில ஏறி மேய்ஞ்சா ரெண்டு ரெண்டா விடுங்க. விழுந்தா உடனே பக்கெட்டுக்கு, அட்டையை மாத்திட்டு இன்னொரு தண்ணி மாத்தம்.

போனதுக்குப் பதில் புதுசு வாங்க ஒரு மாசம் பொறுங்க. வாங்குறப்போ உள்ளங்கை சைஸ் ட்ரோக்கஸ் காட்டினா வேண்டாம்னுடுங்க. ட்ரோக்கஸ் நிலோட்டிகஸ், டர்போ மார்மோரட்டஸ் ரெண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, அது தெரியாமலே விக்கிறவங்க உண்டு. 3 அடி டேங்க்குக்கு அந்த சைஸ் தேவையும் இல்ல, ஒரே வாரத்துல பாறையை உருட்டி விட்டுடும்.